நன்கொடைக்கு வரிச்சலுகை: மதுரைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கொடுக்கிற கைக்குப் பஞ்சம் கிடையாது. சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல், அழகர் வரும் வழியில் அன்னதானம், ஊர்க் கோயில் திருப்பணி, முதியோர் இல்லத்தில் அப்பா நினைவுநாள் சாப்பாடு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு ரசீது வந்துகொண்டே இருக்கும். ஜூலை பிறந்ததும் அத்தனையையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்து "இதுக்கு எவ்வளவு வரும்?" என்பார்கள். ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிற வேலையில் இதே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பல பேருக்கு விடை பூஜ்யம்தான். மற்றவர்களுக்கும் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும். கீழே உள்ள எல்லாம் 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டப்படி, 2025-26 நிதியாண்டு முடியக் கொடுத்த நன்கொடைகளுக்கு.

80ஜி, 80ஜிங்கிறாங்களே, அது என்ன சார்?

வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு. அரசு சொன்ன நிதிகளுக்கோ, வருமான வரித்துறையிடம் அனுமதி வாங்கிய அறக்கட்டளைகளுக்கோ நன்கொடை கொடுத்தால், அதில் ஒரு பங்கை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது. கழிவது வருமானத்தில், வரியில் அல்ல. இங்கேதான் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள்.

பத்தாயிரம் ரூபாய் ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான டிரஸ்டுகளுக்குப் பாதிதான் கணக்கு, ஆக வருமானத்தில் 5,000 குறையும். நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருந்தால், வரிமேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து, மிச்சமாகும் வரி 1,040 ரூபாய். 30 சதவீத அடுக்கு என்றால் 1,560. அவ்வளவுதான். கொடுத்த பத்தாயிரமும் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் புது வரி முறையில இருக்கேன். எனக்கு உண்டா?

கிடையாது. வரி விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் இல்லை என்பதுதான் புது முறை. அதில் 80ஜி கழிவே இல்லை, எந்த டிரஸ்டுக்குக் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும். 2023-24 நிதியாண்டிலிருந்து புது முறைதான் தானாக வரும் முறை, நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதில்தான் இருக்கிறீர்கள். அதனால் ரசீதைப் புரட்டுவதற்கு முன்னால் எந்த முறை என்பதைப் பாருங்கள். பாதி மஞ்சப்பைகள் இந்த இடத்திலேயே மூடிவிடும்.

அப்போ பழைய முறைக்கு மாறிடலாமே?

மாறலாம், ஆனால் நன்கொடைக்காக மட்டும் மாறினால் நஷ்டம். வருஷச் சம்பளம் பத்து லட்சம் வாங்குகிறவருக்கு 2025-26-ல் புது முறையில் வரி பூஜ்யம் (சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை அப்படித்தான்). அதே ஆள் பழைய முறைக்குப் போய், நிலையான கழிவு 50,000, 80சி-யில் (பி.எஃப்., எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான கழிவு) 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் கழித்தாலும் 7,75,000-க்கு வரி செஸ்ஸோடு 70,200 வரும். இதில் பத்தாயிரம் நன்கொடைக்காக 1,040 குறையும். கணக்கு புரிகிறதல்லவா?

வீட்டு வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி, 80சி என்று பெரிய கழிவுகள் ஏற்கெனவே இருந்து, அவற்றால் பழைய முறையே லாபம் என்று ஆனவர்களுக்குத்தான் 80ஜி கூடுதல் வரவு. சம்பளக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் மாறிக்கொள்ளலாம், ஆனால் கெடுவுக்குள், அதாவது வழக்கமான ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதமாகப் போட்டால் பழைய முறை கிடைக்காது. வியாபார வருமானம் உள்ளவர்கள் ஃபாரம் 10-ஐஇஏ கொடுத்து வெளியே வர வேண்டும், திரும்பப் புது முறைக்குப் போனால் அப்புறம் பழையதற்கு வர வழி இல்லை.

பாதி, முழுசுன்னு பிரிக்கிறாங்களே, எதுக்கு எவ்வளவு?

முழுத்தொகையும் வரம்பில்லாமல் கழிவது அரசு நிதிகளுக்கு: பிரதமரின் தேசிய நிவாரண நிதி, பிஎம் கேர்ஸ், தேசியப் பாதுகாப்பு நிதி, நம் ஊர்க்காரர்கள் அதிகம் கொடுக்கும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்றவை. வெள்ளம், புயல் என்று வரும்போது இதற்குக் கொடுத்தால் பத்தாயிரத்துக்குப் பத்தாயிரமும் கழிவு.

நமக்குத் தெரிந்த டிரஸ்டுகள், முதியோர் இல்லங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள், ஆஸ்பத்திரி அறக்கட்டளைகள் எல்லாம் பாதி வகை, அதிலும் 10 சதவீத வரம்பு உண்டு. இன்னும் இரண்டு சின்ன வகைகள் இருக்கின்றன, நீங்கள் சந்திக்கப்போவதில்லை, விட்டுவிடலாம்.

பத்து சதவீத வரம்புன்னா சம்பளத்துல பத்தா?

இல்லை. மொத்த வருமானத்திலிருந்து 80சி, 80டி (மருத்துவக் காப்பீடு) மாதிரி மற்றக் கழிவுகளையும், நீண்டகால மூலதன ஆதாயம் போன்ற சிலவற்றையும் எடுத்துவிட்டு, மிஞ்சுவதில் 10 சதவீதம். முதலில் வரம்பு, அதற்கப்புறம்தான் பாதி. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் கணக்கு தப்பும்.

நிலையான கழிவு, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் போக ஒருவருக்கு 15,00,000 நிற்கிறது, எல்லாம் சம்பளம். 80சி 1,50,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குக் கூடுதலாக 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 போனால் 12,75,000. இதில் 10 சதவீதம் 1,27,500. அவர் ஒரு டிரஸ்டுக்கு இரண்டு லட்சம் கொடுத்திருக்கிறார். கணக்கில் எடுப்பது 1,27,500 மட்டும், அதில் பாதி 63,750 கழிவு, மிச்சமாகும் வரி செஸ்ஸோடு 19,890. வரம்புக்கு மேல் போன 72,500-ஐ அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. பெரிய தொகை கொடுக்கிறவர்கள் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று கொடுத்தால் இரண்டு வருஷ வரம்பும் பயன்படும். சட்டத்துக்கு உட்பட்டதுதான், தைரியமாகச் செய்யலாம்.

ரொக்கமா கொடுத்தேன், சீல் வச்ச ரசீது இருக்கு. செல்லுமா?

2,000 ரூபாய் வரைக்கும் செல்லும். அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் முழுசும் போச்சு. ஐயாயிரம் கொடுத்துவிட்டு "ரெண்டாயிரத்துக்காவது போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு, அப்படிப் பிரிக்க முடியாது. 2016-17 வரை இந்த வரம்பு பத்தாயிரமாக இருந்தது, வீட்டில் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு.

செக், டிடி, நெட்பேங்கிங், யூபிஐ எதுவானாலும் சரி. ஒன்று மட்டும் பாருங்கள்: யூபிஐ-யில் பணம் போய்ச் சேர்வது டிரஸ்டின் வங்கிக் கணக்குக்கா, செயலாளரின் சொந்த நம்பருக்கா? செயலாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு 80ஜி கிடையாது.

முதியோர் இல்லத்துக்கு அஞ்சு மூட்டை அரிசி இறக்கினேன், கடை பில் கைல இருக்கே?

பொருளாகக் கொடுத்ததற்குக் கழிவு இல்லை. அரிசி, போர்வை, சக்கர நாற்காலி, பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் கொடுத்த மின்விசிறி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். நீங்களே பந்தல் போட்டு மோர் ஊற்றியதும் அப்படியே.

அதே இல்லத்தின் கணக்கில் பணமாகப் போட்டு, "இன்ன தேதி மதியச் சாப்பாட்டுக்கு" என்று சொல்லியிருந்தால், அவர்களிடம் 80ஜி இருக்கும்பட்சத்தில் அது நன்கொடைதான், கழிவு உண்டு. நேரில் நின்று பரிமாறுவதையும் யாரும் தடுக்கப்போவதில்லை.

மீனாட்சியம்மன் கோயில் உண்டியல்ல போட்டது?

உண்டியலில் போட்டதற்கு ரசீது ஏது? அது அம்மனுக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு.

கோயில்களுக்கு 80ஜி-யில் தனியாக ஒரு வழி இருக்கிறது. வரலாற்று, தொல்லியல் அல்லது கலைச் சிறப்புள்ளது, அல்லது ஒரு மாநிலம் முழுதும் பேர்பெற்ற வழிபாட்டுத் தலம் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கோயில், மசூதி, சர்ச், குருத்வாரா எதுவானாலும், அதைப் புதுப்பிக்கவும் பழுதுபார்க்கவும் கொடுக்கும் பணத்துக்குப் பாதி கழிவு, மேலே சொன்ன 10 சதவீத வரம்போடு. அர்ச்சனைச் சீட்டு, அபிஷேகக் கட்டணம், தங்கரதம் இழுக்கக் கட்டியது எதுவும் இதில் வராது. கோயில் அலுவலகத்தில் திருப்பணிக்கோ அன்னதானத்துக்கோ பணம் கட்டும்போது "இந்தக் கணக்குக்கு 80ஜி உண்டா, ரசீதில் அந்த விவரம் அச்சாகி வருமா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரே கோயிலிலேயே ஒரு கணக்குக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம்.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போக ஒரு லட்சம் தனியா கொடுத்தேன். செக்குலதான் கொடுத்தேன்.

செக்கில் கொடுத்தது நல்ல பழக்கம், ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துப் பங்காளிகள் சேர்ந்து கும்பிடும் கோயிலுக்கு அரசிதழ் அறிவிப்பு இருக்க வாய்ப்பில்லை. முழுக்க மதக் காரியத்துக்கான அமைப்புக்கு டிரஸ்ட் என்ற முறையிலும் 80ஜி கொடுக்க மாட்டார்கள். தர்ம டிரஸ்ட் ஒன்று தன் வருமானத்தில் 5 சதவீதம் வரை மதக் காரியத்துக்குச் செலவழிக்கலாம், அதைத் தாண்டக் கூடாது.

இதோடு சேர்த்துக் கேட்கப்படுவது உறவின்முறை, சமுதாயச் சங்கம். ஒரு குறிப்பிட்ட சாதி அல்லது மதத்தவரின் நன்மைக்கு மட்டும் என்று அமைந்ததற்கு 80ஜி இல்லை. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கான அமைப்பை மட்டும் சட்டம் அந்தத் தடைக்குள் சேர்க்கவில்லை. சங்கம் நடத்தும் பள்ளிக்கூடமோ கல்லூரியோ எல்லாருக்கும் பொதுவானதாக, தனி டிரஸ்டாக, 80ஜி வாங்கியதாக இருந்தால் அதற்குக் கொடுக்கலாம்.

டிரஸ்ட் ரிஜிஸ்டர் ஆனதுதான்னு பத்திரத்தையே காட்டினாங்க. போதாதா?

போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானால் டிரஸ்ட் பிறந்தது என்று அர்த்தம். 12ஏ பதிவு இருந்தால் அந்த டிரஸ்டின் வருமானத்துக்கு வரி இல்லை என்று அர்த்தம். கொடுக்கிறவருக்குச் சலுகை வேண்டுமென்றால் 80ஜி அனுமதி தனியாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பி "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள்.

பழைய டிரஸ்டுகள் "எங்களுக்கு ஆயுளுக்கும் 80ஜி" என்று ஒரு தாளைக் காட்டினால் அது காலாவதி. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாரும் மறுபடி பதிய வேண்டியதாயிற்று, இப்போது அனுமதி பொதுவாக ஐந்து வருஷம், புது டிரஸ்டுகளுக்குத் தற்காலிகமாக மூன்று வருஷம். ஃபாரம் 10ஏசி அல்லது 10ஏடி என்ற உத்தரவைக் கேளுங்கள். அதில் யூஆர்என் என்ற பதிவு எண்ணும், எந்த வருஷம் முதல் எதுவரை என்பதும் இருக்கும். நீங்கள் பணம் கொடுத்த தேதி அதற்குள் விழ வேண்டும்.

ரசீதுதான் இருக்கே, 10பிஇ-ன்னு வேற ஒண்ணு எதுக்கு கேக்கறீங்க?

2021-22-லிருந்து டிரஸ்டுகள் யார் யார், எவ்வளவு, எந்த வழியில் கொடுத்தார்கள் என்று ஃபாரம் 10பிடி-யில் துறைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், அடுத்த மே 31-க்குள். கொடுத்ததும் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஃபாரம் 10பிஇ என்ற சான்றிதழ் துறையின் இணையதளத்திலிருந்தே உருவாகும். அதில் உள்ள ஏஆர்என் என்ற ஒப்புகை எண்ணை ரிட்டர்னில், பாதி வகை நன்கொடைக்கான அட்டவணையில் போட வேண்டும். டிரஸ்டின் பெயர், முகவரி, பான், ரொக்கம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்பதும் அங்கேயே.

சீல் வைத்த ரசீது நீங்கள் சொல்வது, 10பிஇ டிரஸ்ட் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கணினியே பார்க்கும். அரசு நிவாரண நிதிகளுக்கு இந்த 10பிஇ தேவையில்லை, அவர்கள் தரும் ரசீதே போதும்.

டிரஸ்டுக்காரங்க இன்னைக்கு நாளைக்குங்கறாங்க, 10பிஇ வரல. என்ன பண்றது?

முதலில் உங்கள் பான் எண்ணை அவர்களிடம் கொடுத்தீர்களா என்று பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். பான் தப்பாகப் போயிருந்தால் அவர்கள் திருத்திய கணக்குக் கொடுக்க முடியும். மே 31 தாண்டியும் கணக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர்களுக்கு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், கொடுக்காமலே விட்டால் 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம். இதைப் பணிவாக எடுத்துச் சொன்னாலே பல இடங்களில் காரியம் நடக்கும். நடக்காவிட்டால் அந்தத் தொகையைப் போடாமல் ரிட்டர்னை முடியுங்கள். ஆயிரம் ரூபாய்க்காக நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆபீஸ்ல கொடுத்தேன், ஃபாரம் 16-ல சேர்க்க மாட்டேன்னுட்டாங்க.

டிரஸ்டுக்குக் கொடுத்ததை அலுவலகம் தரும் சம்பள வரிச் சான்றான ஃபாரம் 16-ல் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், நீங்களே ரிட்டர்னில் போட்டுத் திரும்பப் பெற வேண்டியதுதான். ஒருநாள் சம்பளத்தை முதலமைச்சர் நிதிக்குப் பிடித்திருந்தால் கதை வேறு: ரசீது தனித்தனியாக வராது, சம்பளம் வழங்கும் அலுவலர் தரும் சான்றே ஆதாரம். ஆசிரியர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள், அதுவும் முழுத்தொகை கழிகிற வகையை.

பையனை ஸ்கூல்ல சேர்க்க டொனேஷன் கட்டினேன், டிரஸ்ட் பேர்லதான் ரசீது.

சீட்டுக்காகக் கொடுத்தது நன்கொடை ஆகாது, பெயர் என்ன போட்டிருந்தாலும்.

ஒரு குழந்தை ஆபரேஷனுக்கு ஆன்லைன்ல பணம் போட்டேன்.

தனி மனிதருக்குக் கொடுத்தால் இல்லை. பணத்தை வாங்குவது 80ஜி உள்ள டிரஸ்டாக இருந்து அவர்கள் பெயரில் ரசீதும் 10பிஇ-யும் வந்தால் உண்டு. வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்ததற்கும் கிடையாது.

பணம் என் அக்கவுண்ட்ல போச்சு, ரசீது வீட்டுக்காரம்மா பேர்ல. யார் போடலாம்?

யார் பான் 10பிஇ-யில் இருக்கிறதோ அவர்தான் போட முடியும், அதே சமயம் பணமும் அவருடையதாக இருப்பதுதான் சரி. வருமானமே இல்லாத அம்மா பேரில் ரசீது வாங்கினால் யாருக்கும் பயனில்லை. அம்மா பேரில்தான் தர்மம் நடக்க வேண்டும் என்றால் ரசீதில் "அம்மா நினைவாக" என்று எழுதச் சொல்லி, பான் உங்களுடையதைக் கொடுங்கள்.

விளக்குத்தூண்ல ஜவுளிக்கடை. நன்கொடையைக் கடைச் செலவுல எழுதிட்டா?

தர்மம் கடைச் செலவு ஆகாது. லாபநஷ்டக் கணக்கில் எழுதியிருந்தால் வருமானத்தில் திரும்பக் கூட்டிவிட்டு, 80ஜி-யில் தகுதி உள்ளதை மட்டும் கழிக்க வேண்டும்.

கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் கடை என்றால் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இந்தப் புது முறை, பழைய முறைச் சண்டை கூட்டு நிறுவனத்துக்குக் கிடையாது. அதற்கு 30 சதவீத வரி, 80ஜி-யும் உண்டு. கூட்டாளிகள் எல்லாம் தனித்தனியாகப் புது முறையில் இருந்துகொண்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதைவிட, கடையின் கணக்கிலிருந்து கடையின் பான்-இல் கொடுத்தால் சலுகை நிற்கும்.

ஒரு லட்சத்துக்கு செக் கொடுங்க, தொண்ணூறைக் கையில திருப்பித் தர்றோம்னு ஒருத்தர் சொல்றார்.

ஓடிவிடுங்கள். இதே வித்தையை அரசியல் கட்சி நன்கொடைக்கும் (80ஜிஜிசி, முழுத்தொகை கழிவு, ரொக்கம் கூடாது) செய்கிறார்கள், பெயரே கேள்விப்படாத கட்சியின் ரசீதைக் கொடுத்து. 2025 ஜூலையில் போலிக் கழிவு போட்டுக்கொடுத்தவர்கள் தொடர்பாக நாடு முழுதும் 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. அந்த டிரஸ்ட் மாட்டினால் அதன் 10பிடி பட்டியலில் உங்கள் பெயரும் இருக்குமே. பொய்க் கழிவு என்று முடிவானால், குறைத்துக் காட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், வட்டி தனி.

2026 ஏப்ரலுக்கு மேல கொடுத்தா என்ன ஆகும்?

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன, "80ஜி" என்ற பேர் பழக்கத்தில் மட்டும் இருக்கும். அனுமதி உள்ள அமைப்பு, ரொக்க வரம்பு, புது முறையில் கழிவு இல்லை என்ற அடிப்படை மாறவில்லை. 2025-26 நன்கொடையை ரிட்டர்னில் போடுவது பழைய சட்டப்படியே.

போன வருஷம் ஆடிட்டர் ஆபீஸ்ல யாரோ கொடுக்காத நன்கொடையைப் போட்டுட்டாங்க. இப்போ வரித்துறையிலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு, சும்மா இருந்துடலாமா?

இருக்காதீர்கள். "யாரோ போட்டாங்க" என்பது பதில் ஆகாது, ரிட்டர்ன் உங்கள் பெயரில்தான் போயிருக்கிறது. திருத்திய ரிட்டர்னுக்குக் கெடு இன்னும் இருந்தால் அதில் நன்கொடையை எடுத்துவிட்டு, வரியையும் வட்டியையும் கட்டுங்கள். கெடு போயிருந்தால் ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த ரிட்டர்ன், மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதம் வரை போடலாம். முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல், அடுத்த 12 மாதத்தில் 50 சதவீதம், அப்புறம் 60, 70 என்று ஏறும். துறை விசாரணையைத் தொடங்கிவிட்டால் இந்த வழி சிக்கலாகிவிடும், அதனால் மெசேஜ் வந்த வாரமே உட்கார்ந்து பழைய ரிட்டர்னை இறக்கி, 80ஜி அட்டவணையில் யார் பெயர், எந்த பான் போட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.